ஃப்ளாரன்ஸில் தக்காளி பாஸ்தா

ஃப்ளாரன்ஸ் கடைத்தெருவில் வாங்கிய தோல் பைகள் நான்கையும் ஜம்புநாதனே சுமந்து வந்தார். ஜலஜா கை நீட்டியும் கொடுக்கவில்லை.

"ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் ஆச்சு. வெயிட் தூக்கலாம்னு அமெரிக்காவுல நம்ம சான்டா கிளாரா டாக்டரே சொல்லிட்டார்."

"அவர் சொல்லட்டும். நீ தூக்க வேண்டாம்."

ஜலஜாவுக்குச் சலிப்பாகவும் இருந்தது, உள்ளூரப் பிடித்தும் இருந்தது.

ரெஸ்டாரண்டில் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தபின்தான் அவர் உட்கார்ந்தார். பக்கத்து மேஜையில், அமெரிக்காவின் பிரிட்ஜ்வாட்டரிலிருந்து அதே டூரில் வந்திருந்த தமிழ்ப் பெண் அதைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தாள்.

"ஆன்ட்டிக்கு உடம்பு முடியலையா அங்கிள்? எவ்ளோ கேர் பண்றீங்க."

"உடம்பு முடியாம இருந்தது நான்மா," என்றார் ஜம்புநாதன். "நாலு வருஷம் டயாலிசிஸ். ஊர் ஊரா டிராவல் பண்ண முடியாது, தக்காளிகூடச் சாப்பிடக் கூடாது. கிட்னி கொடுத்தது இவதான்."

அந்தப் பெண் ஜலஜாவைத் திரும்பிப் பார்த்தாள்.

சர்வர் இரண்டு தட்டு பாஸ்தா கொண்டுவந்து வைத்தார். மேலே சிவக்கச் சிவக்கத் தக்காளி.

"ஆறிடப் போறது, சாப்பிடுங்கோ," என்றாள் ஜலஜா.

அவர் முதல் வாயை ருசித்து விழுங்கும்வரை அவள் தன் தட்டைத் தொடவில்லை.