மிக்ஸியின் சிவப்பு பட்டன்

அந்த மெஸ் சமையலறையில் இருந்த கிரைண்டருக்கு மிக்ஸியைக் கண்டாலே வயிறு எரியும்.

தேங்காய் கொஞ்சம் கூடிவிட்டால் போதும், மிக்ஸி பட்டென்று நின்றுவிடும். சமையல்காரி செண்பகம் ஓடிவந்து, "பாவம், சூடாயிடுச்சு. கொஞ்ச நேரம் கிடக்கட்டும்" என்பாள். சூடு தணிந்ததும் கவிழ்த்து, அடியிலிருக்கும் சிவப்பு பட்டனை அழுத்துவாள்.

கிரைண்டரை அவள் ஒருநாளும் பாவம் என்றதில்லை. "அதுக்கென்ன, எவ்வளவு போட்டாலும் அரைக்கும்" என்று இன்னொரு படி உளுந்தைக் கொட்டுவாள்.

"நல்லா நடிக்கிறடி," என்றது கிரைண்டர்.

"நடிப்பு இல்லக்கா. முடியலன்னா நின்னுடுவேன்."

தீபாவளிக்கு முதல் நாள், வடைக்கு உளுந்து மலைபோல் வந்தது. கிரைண்டரின் மோட்டார் கொதித்தது.

"நின்னுடுக்கா," என்றது மிக்ஸி.

"உன்னை மாதிரியா நான்?" என்று கிரைண்டர் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றியது. கருகல் வாடை அடித்தது. புகை வந்தது. பிறகு கல் அசையவேயில்லை.

பழைய இரும்புக்காரர்கள் வந்து அதைத் தூக்கியபோது செண்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம், கடைசிவரைக்கும் ஒரு வார்த்தை சொல்லல."

வாசலைத் தாண்டும்போது கிரைண்டர் மிக்ஸியைத் திரும்பிப் பார்த்தது.

"கேட்டியாடி? என்னையும் பாவம்னு சொல்லிட்டா."