வெர்னாவுக்கு நற்சான்று

"உங்களுக்குக் கை நடுங்குமாமே?" என்று கேட்டார் மார்வின், மஞ்சள் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வெர்னா தன் கைகளைப் பார்த்தாள். அவை மேசைமேல் சும்மா கிடந்தன.

பத்து நிமிடம் முன்பு, பக்கத்து அறையில் வேலைக்கான சோதனையில் அந்தக் கைகள்தாம் ஐந்து பூட்டுகளைத் திறந்திருந்தன. ஐந்தாவதுக்கு மட்டும் ஒன்றரை நிமிடம் ஆனது. மார்வின் கூடவே நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கனடாவின் சாஸ்கடூன் நகரத்தில் பன்னிரண்டு பேரை வைத்துப் பூட்டுக் கம்பெனி நடத்துகிறவர்.

"யார் சொன்னது?"

"உங்க ஊர்க் கூட்டுறவுக் கடை மேனேஜர். ஐரீன்."

போன டிசம்பரில் ஐரீனின் கடைப் பெட்டகம் திறக்காமல் மக்கர் செய்தது. வெளியே மைனஸ் முப்பத்தெட்டு டிகிரி குளிர். வெர்னா தரையில் குப்புறப் படுத்துத்தான் அதைத் திறந்தாள். கூலியாக ஒரு தட்டு முட்டைக்கோஸ் உருண்டை கிடைத்தது.

இந்த வேலைக்கு நற்சான்று சொல்ல உன் பெயரைக் கொடுக்கட்டுமா என்று போன வாரம் கேட்டபோது ஐரீன் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "தாராளமா கொடு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றாள்.

மார்வின் அடுத்த வரிக்குப் போனார்.

"ஐஸ் ஹாக்கி அரங்கத்து ரஸ்ஸல். பத்து மணிக்கு வரச் சொன்னா மறுநாள் பத்து மணிக்கு வருவீங்களாம். சாவிய உள்ளயே முறிச்சு வச்சிட்டு, அத எடுக்கத் தனியா காசு கேப்பீங்களாம்."

வெர்னா கைகளை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மூணாவது, உங்க சர்ச் போதகர். 'நான் யாரப் பத்தியும் தப்பா பேசறதில்ல. அதனால வெர்னாவப் பத்தி எங்கிட்ட எதுவும் கேக்காதீங்க'ன்னு சொல்லிட்டு போன வச்சிட்டார்."

மூன்று பேரையும் அவளேதான் தேர்ந்தெடுத்திருந்தாள். அறுநூறு பேர் உள்ள தன் ஊரான வில்மோட்டில் நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் என்று யோசித்து யோசித்து எழுதிய பெயர்கள்.

வில்மோட்டில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. குளிரில் முறியும் சாவி, வயலில் தொலையும் டிராக்டர் சாவி, இவைதாம் அவள் பிழைப்பு. நாற்பத்தாறு வயதில் மாதச் சம்பளம் என்று ஒன்றை அவள் கண்ணால் பார்த்ததில்லை. மார்வின் தருவதாகச் சொன்ன சம்பளத்தோடு பல் வைத்தியக் காப்பீடும் உண்டு. இரண்டு வருடமாக அவள் இடது பக்கத்தால் மட்டுமே மெல்லுகிறாள்.

அந்த வேலை இப்போது, மேசையின் மறுபக்கத்தில் ஒரு மஞ்சள் தாளுக்கு அடியில் இருந்தது.

"அதெல்லாம் பொய்யின்னு சொல்லப் போறதில்லியா?" என்றார் மார்வின்.

"சொன்னா நம்புவீங்களா?"

மார்வின் கண்ணாடியைக் கழற்றினார். அவர் தோள்கள் குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் சிரிக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"நானும் அந்த மாதிரி ஊர்தாம்மா. எங்க ஊர் மெக்கானிக் ரெஜைனா நகரத்துல வேலைக்கு எழுதிப் போட்டான். கம்பெனிக்காரன் எனக்கு போன் பண்ணிக் கேட்டப்ப, அவன் காலைலேயே குடிப்பான்னு சொன்னது நான்தான். பாவம், பீரக்கூட மோந்து பாக்காத பய. அவன் போயிட்டா என் டிரக்க யார் பாக்கறது?"

மார்வின் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"மூணு பேர் இந்தத் திட்டு திட்டினாங்கன்னா உங்கள விட மனசில்லன்னு அர்த்தம். அதத்தான் நான் எப்பவும் தேடறது. இத்தனை வருஷத்துல இது தப்பினதே இல்ல."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பதினெட்டு வருடமாக அந்த ஊர் அவளிடம் இதைச் சொன்னதில்லை. தட்டு தட்டாகச் சாப்பாடுதான் கொண்டுவந்து வைத்தது.

அவர்களே இப்படியென்றால், கணவன் டேல் என்ன செய்வான் என்று நினைத்தாள்.

இரண்டரை மணி நேரம் காரை ஓட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் அவள் ஒத்திகை பார்த்தது பூட்டுகளை அல்ல, அவனிடம் பேச வேண்டியதைத்தான். வேலை கிடைத்தால் திங்கள் காலை கிளம்பி வெள்ளி இரவு திரும்புவாள். போகாதே என்று சொல்கிறவன் இல்லை டேல். பேச்சை நிறுத்திவிடுவான். அந்த மௌனத்துக்கு என்னென்ன பதில் சொல்வது என்று ஊர் எல்லையிலிருந்து நகரத்தின் முதல் சிக்னல் வரை யோசித்திருந்தாள். அவன் தோளில் கையை வைத்து, வெள்ளிக்கிழமை என்ன தூரமா என்று கேட்பதாக முடிவு.

"ஒருத்தர்தான் என் கணக்கக் குழப்பிட்டார்" என்றார் மார்வின், தாளைத் திருப்பி.

"யாரு?"

"காலைல நீங்க வண்டில வந்துட்டிருந்தீங்க, கைபேசி கிடைக்கல. வீட்டு நம்பருக்கு அடிச்சேன். உங்க வீட்டுக்காரர் எடுத்தார். எதுக்கும் இருக்கட்டும்னு உங்களப் பத்தி அவர்கிட்டயும் கேட்டேன்."

"டேல் என்ன சொன்னார்?"

"உங்க கை மாதிரி கை இந்த மாகாணத்துலயே இல்லன்னார். ஒரு நாள்கூட லேட்டா போனதில்லையாம். திங்கக்கிழமை வரைக்கும் ஏன் காத்திருக்கணும், இன்னிக்கே சேத்துக்குங்களேன்னார். சனி ஞாயிறுலயும் வேலை இருந்தா கொடுங்க, அவ செய்வாள்னு சொன்னார்."

மார்வின் ஒப்பந்தத்தை அவள் பக்கம் நகர்த்திப் பேனாவை அதன்மேல் வைத்தார்.

வெர்னா பேனாவை எடுத்தாள். கையெழுத்துப் போடும் இடம் கீழே, கோட்டுக்கு மேலே இருந்தது.

"ஒரு குறைகூடச் சொல்லலியா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுகூட இல்ல" என்றார் மார்வின், சந்தோஷமாக.