சாரி, சார்!

“மூளையைக் கழட்டி வீட்லயே வெச்சுட்டு வந்துட்டியா?” அவன் மேஜையை ஓங்கித் தட்டிய தட்டில் தண்ணீர் டம்ளர் உருண்டது. “கேக்கறேன்ல? வாயைத் திற!”

எதிரே நின்றவள் தலையைக் குனிந்துகொண்டாள். “சாரி, சார்.”

“போச்சு! எல்லாம் போச்சு!” அவன் தலையில் அடித்துக்கொண்டான். “சாரி சொன்னா அவன் இன்னும் ஏறி மிதிப்பான்னு எத்தனை தடவை சொல்றது? தலையைத் தூக்கும்மா. உன் புருஷன் என்கிட்டயே இப்படி நடுங்கினா, நாளைக்கு அந்த ஆளுகிட்ட எப்படிப் பேசுவே?”

மேஜை என்பது அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. பேனாவுக்குப் பதில் அவன் கையில் டி.வி. ரிமோட். சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவன் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் மனைவி கண்கலங்கி நிற்பதைப் பார்த்துவிட்டான்.

“மேனேஜர் எல்லார் முன்னாலயும் வாய்க்கு வந்தபடி திட்டறாருங்க. நாளைக்கு அந்த வாசல்ல கால் வைக்கவே பயமா இருக்கு. பேசாம வேலையை விட்டுடலாமான்னு...” என்று இழுத்தாள்.

மருந்துக் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவள் அவள். இத்தனை வருஷத்தில் ஆபீஸைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அவனுக்கு ரத்தம் கொதித்தது.

“எவன் அவன்? இப்பவே போய்ச் சட்டையைப் பிடிக்கறேன்!”

“வேண்டாங்க. நீங்க ஒரு தடவை சண்டை போட்டுட்டு வந்துடுவீங்க. மறுநாள் அங்க நிக்கறது நீங்க இல்லையே. என்ன பதில் சொல்லணும்னு மட்டும் சொல்லிக் குடுங்க, போதும்.”

அதுவும் நியாயம்தானே? “கவலைப்படாதே. நானும் பார்சல் கிடங்குல நாலு பேரைக் கட்டி மேய்க்கிறவன். மேனேஜர் புத்தி எப்படிப் போகும்னு எனக்குத் தெரியாதா?” என்று அந்த மேனேஜர் வேஷத்தை அவனே கட்டிக்கொண்டான்.

“மறுபடியும் ஆரம்பிங்க,” என்றாள் அவள். “இன்னும் சத்தமா. அங்க அப்படித்தான் கத்துவாரு.”

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். “ஒரு வேலை உருப்படியாச் செய்யத் தெரியுதா? உனக்கெல்லாம் சம்பளம் குடுக்கறதே தண்டம்! என்ன, கண்ணுல தண்ணி வருதோ? அழுதா விட்டுடுவேன்னு நினைப்பா? போ, போய் அந்த ஸ்டூல் மேல ஏறி நில்லு. எல்லாரும் பாக்கட்டும்!”

சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் வேஷத்தில் அப்படியே ஒன்றிவிட்டான். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது, விரல் அவள் மூக்குக்கு நேரே நீண்டது. அவள் நிஜமாகவே ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

“ஸ்டூலைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையேங்க.”

“ஒரு வேகத்துல வந்துடுச்சு, விடு.” ரிமோட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். “நீ பதிலைச் சொல்லு, பதிலை!”

“என்ன சொல்றதுன்னே தெரியலைங்க,” என்றாள்.

“சரி, நான் சொல்றேன், கேளு. நேரா அவன் கண்ணைப் பாரு. ‘சார், தப்பு செஞ்சிருந்தா என்ன தப்புன்னு சொல்லுங்க, திருத்திக்கறேன். அதுக்காக என்னை அசிங்கமாப் பேச உங்களுக்கு உரிமை கிடையாது. இனிமே இப்படிப் பேசினா மேலிடத்துல புகார் குடுப்பேன்.’ அவ்வளவுதான். எங்கே, சொல்லு பாக்கலாம்.”

சொன்னாள். முதலில் குரல் பிசிறியது, பாதியில் உடைந்தது. விடுவானா அவன்? திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தான். கடைசித் தடவை அவள் சொன்னபோது குரல் கணீரென்று இருந்தது.

“சபாஷ்! இதுதான் வேணும்.”

“இதைச் சொன்னதுக்காக வேலையை விட்டே தூக்கிட்டா? உடனே வேற வேலை கிடைக்குமா?”

“எப்படித் தூக்குவான்? அடுத்த வீட்டுப் பொண்ணை அழ வெக்கறவன் எல்லாம் சரியான பயந்தாங்கொள்ளி. மேல இருக்கறவன்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு வந்து, கீழ இருக்கறவங்க தலையில கொட்டுவான். ஒருத்தி நிமிர்ந்து நின்னா போதும், பெட்டிப் பாம்பா அடங்கிடுவான்.”

“அவருக்கும் வீட்ல பொண்டாட்டி இருப்பாங்கல்ல?” அவள் குரல் தாழ்ந்திருந்தது. “அவங்களுக்கு இதெல்லாம் தெரியுமோ என்னமோ.”

“தெரிஞ்சா காறித் துப்ப மாட்டாளா?”

அவள் உருண்டு கிடந்த டம்ளரை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். பிறகு கேட்டாள், “மன்னிப்புக் கேப்பாருன்னு நினைக்கறீங்களா?”

“கேட்டுத்தான் ஆகணும். எல்லார் முன்னாலயும் திட்டினவன், எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேக்கணும். கேக்கலைன்னா அவன் மனுஷனே இல்லை.” ஒரு பெரிய காரியத்தை முடித்த நிம்மதியில் அவன் நாற்காலியில் சாய்ந்தான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகை போன இடம் தெரியவில்லை. அவன் முகத்தை ஒருமுறை நேராகப் பார்த்துவிட்டு, உள்ளறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“கேட்டியாம்மா? உங்க கிடங்கு மேனேஜரே சொல்லிட்டாரு, வெளிய வா.”