ஞாயிற்றுக்கிழமை இல்லாத சிகரம்

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தச் சிகரம் இல்லை.

அமுதவல்லி ஏழு நாள் வரைபடங்களையும் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தாள். மற்ற ஆறு நாளும் அது நின்றது, முந்நூற்று அறுபத்து நான்கில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. ஞாயிறன்று கருவி தானாக ஓடியது. அன்றைக்கு லேப் பக்கமே வராத ஆள், கூட ஆராய்ச்சி செய்யும் வெற்றிச்செல்வன்.

ஒவ்வொரு அணுக்கருவும் தன் உள்ளமைப்புக்குத் தக்கபடி காமாக் கதிரை விடும். டிடெக்டர் அதைப் பிடித்து, அதன் ஆற்றல் எண்ணுக்கு நேராகச் சிகரமாக வரையும். மூன்று வருஷமாக அவள் தேடிய சின்னஞ்சிறு சிகரம் முந்நூற்று அறுபத்தைந்தில் இப்போதுதான் தலைகாட்டியது. அதற்குள் பக்கத்தில் வந்து உட்கார்ந்த இந்த முந்நூற்று அறுபத்து நான்குத் தடியன் அதை முழுங்கிவிட்டான்.

2007 பொங்கலுக்குள் கட்டுரையை அனுப்பியாக வேண்டும். அவளுக்கோ ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போய்விட்டால், முதலியார்பேட்டை மாமியார் மறுபடி லேபுக்குக் காலாப்பட்டு பஸ் ஏற விடுவாரா? அவளுக்கு அழுகை வந்தது.

புத்தகத்தைப் புரட்டினாள். முந்நூற்று அறுபத்து நான்கு என்றால் கதிரியக்க அயோடின்! இந்த லேபில் அயோடினே கிடையாதே. எவனோ கொண்டுவந்து வைத்திருக்கிறான். கோபம் வந்தால் படித்ததெல்லாம் மறந்துபோகும் ரகம் அவள்.

வெற்றிச்செல்வனும் அவளும் ஒரே கைடிடம் சேர்ந்தவர்கள். அவன் இதே ஊர் மீனவக் குடும்பத்துப் பிள்ளை. மீன் இல்லாமல் சோற்றில் கை வைக்காதவன். தீபாவளிக்கு அப்புறம் சளி என்று கழுத்தில் மப்ளர் சுற்றினான். போன மாதம் மீனை விட்டான், உப்பைக்கூட விட்டான். "மாலை போடாமலே மலைக்கு விரதமா?" என்று கேட்டதற்குச் சிரித்தான்.

பத்து நாள் லீவு முடிந்து வந்தவன் பிரசாதம்கூடத் தரவில்லை. மேசையைப் பக்கத்து அறைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டான். அவளைக் கண்டால் பத்தடி தள்ளி நின்றான். தனக்கு முன்னால் இவள் பட்டம் வாங்கிவிடுவாளோ என்ற வயிற்றெரிச்சல், வேறென்ன என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

தாள்களை அள்ளிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள்.

"வெற்றி! எந்திரி. உன் டிராயரத் தொற."

"எதுக்கு?"

"அயோடின் வச்சிருக்க நீ. செவுத்துக்கு இந்தாண்ட உக்காந்துக்கிட்டு என் டேட்டாவக் கெடுக்கற. மூணு வருஷ உழைப்புடா! நீ நல்லா இருப்பியா?"

அவள் நீட்டிய வரைபடத்தை அவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தான். முகம் வெளுத்துப் போனது.

அவள் ஓரடி முன்னால் வைத்தாள். அவன் பதறி எழுந்து நாற்காலியைக் குறுக்கே இழுத்துப் போட்டான்.

"கிட்ட வராத அமுதா! அங்கயே நில்லு!"

"செய்யறதையும் செஞ்சிட்டு என்னையே வெரட்டறியா? எங்க ஒளிச்சு வச்சிருக்க, சொல்லு. இல்லன்னா இப்பவே கைடுகிட்ட போறேன்."

அவன் மப்ளரை மெதுவாக அவிழ்த்தான். கழுத்தின் குறுக்கே நீளமாக ஒரு தையல் தழும்பு, இன்னும் சிவப்பு மாறாமல்.

"தைராய்டுல கேன்சர். தீபாவளி லீவுல அறுத்து எடுத்தாங்க. மிச்சம் மீதியக் கருக்கறதுக்கு இப்ப கதிர் விடற அயோடின் குடிக்கக் குடுத்தாங்க. அதுக்குத்தான் முன்னாடியே மீனு, உப்பு எல்லாம் விட்டேன். இன்னும் கொஞ்ச நாளு அது ஒடம்புலதான் இருக்கும். மாசமா இருக்கறவங்க பக்கம் போவக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

அமுதவல்லியின் கையிலிருந்த தாள்கள் தரையில் சிதறின. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அதுக்காகவா டேபிள இங்க போட்டுக்கிட்ட? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ பயந்து லேப்புக்கே வராம போயிருப்ப."

அவன் தன் மேசை ஒட்டியிருந்த சுவரைத் திரும்பிப் பார்த்தான். அதற்கு அந்தப் பக்கம்தான் டிடெக்டர்.

"உம் புள்ளைய நெனச்சேன் அமுதா, உன் டிடெக்டர மறந்துட்டேன்."