முன்னறைக்கு அனுமதி

வீட்டின் முன்னறையில் பியூட்டி பார்லர் நடத்த அவள் மாநகராட்சியிடம் அனுமதி கேட்டிருந்தாள். அக்கம்பக்கத்தார் சம்மதிக்க வேண்டும் என்பது நிபந்தனை. பேச்சுவார்த்தையே இல்லாத எதிர்வீட்டுக்காரியிடம்கூடப் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

இடத்தைப் பார்வையிட வந்த அதிகாரி, "ஒரு ஆட்சேபணை வந்திருக்கும்மா. இந்தத் தடவை அனுமதி தர முடியாது" என்றார்.

"எதிர்வீட்டுக்காரிதானே சார்? அவ பதிலுக்குப் பல்லைக் காட்டும்போதே நினைச்சேன்."

"இல்லம்மா, அவங்க தாராளமா நடத்தட்டும்னுட்டாங்க." அதிகாரி சங்கடத்துடன் முன்னறைக் கட்டிலைப் பார்த்தார்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமனார் தலை குனிந்தார். "தெருவில எல்லார்கிட்டயும் கேட்டியேம்மா. என்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானே கட்டிலைப் பின்னறைக்கு மாத்தியிருப்பேன்."

அவர் மறுக்க மாட்டார் என்றுதான் அவள் கேட்கவே இல்லை.