தூரத்துச் சக்கரம்

“மிதிங்க.”

மிதித்தேன்.

“புடிச்சுக்குங்க.”

பிடித்துக்கொண்டேன். பின்னால், காரின் இடது சக்கரத்தருகே, அவள் நட்டைத் தளர்த்தினாள். என் காலுக்கடியில் பெடல் மெல்லத் தரைவரை இறங்கியது. நட்டை இறுக்கினாள்.

“எடுங்க.”

எடுத்தேன்.

பிரேக் குழாயில் காற்று புகுந்திருந்தது. அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். அவள் சொல்வதற்குள் நான் காலை எடுத்துவிட்டால் காற்று மறுபடியும் உள்ளே போய்விடும்.

தூரத்துச் சக்கரத்தில்தான் தொடங்க வேண்டும் என்பாள். அங்கே உட்கார்ந்தால் ஓட்டுநர் இருக்கையிலிருந்து அவளைப் பார்க்க முடியாது. குரல் மட்டும் வரும்.

ஜாக்கை அவள் நம்பமாட்டாள். சக்கரம் கழற்றிய இடத்தில் இரும்பு ஸ்டாண்ட். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல். பிறகு வண்டியை இரண்டு கைகளாலும் பிடித்து உலுக்குவாள். அசையாவிட்டால்தான் வேலையைத் தொடுவாள்.

அன்றும் உலுக்கியிருந்தாள்.

“மிதிங்க.”

மிதித்தேன்.

“புடிச்சுக்குங்க. ஏனுங்க, கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து நான் சொல்லி எதக் கேட்டிருக்கீங்க? இதையாச்சும் கேளுங்க. நான் சொல்ற வரைக்கும் காலை எடுத்துறாதீங்க.”

“சரிங்க மேஸ்திரி.”

சிரித்தாள்.

பெடல் இறங்கியது.

ஸ்பேனர் தரையில் விழுந்தது. அவள் கையிலிருந்து அடிக்கடி விழும்.

காத்திருந்தேன். நட்டு முரண்டு பிடிக்கிறது போல என்று நினைத்தேன். கெண்டைக்கால் வலிக்கத் தொடங்கியது.

“என்னங்க மேஸ்திரி, தூங்கிட்டீங்களா?”

கேட்டுவிட்டு நானே சிரித்துக்கொண்டேன்.

காலை மட்டும் எடுக்கவில்லை.

எதிர்வீட்டு ரங்கநாயகி கேட்டைத் திறந்து வந்து அலறியபோதும் என் கால் பெடலின் மேல்தான் இருந்தது.

இதயம் என்றார் டாக்டர்.

துக்கத்துக்கு வந்தவர்கள் முதலில் வண்டியைப் பார்த்தார்கள். பிறகுதான் என்னைப் பார்த்தார்கள்.

“மேல சாஞ்சிருச்சுங்களா?”

இல்லை என்றேன். கேட்ட ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஸ்டாண்டைக் காட்டினேன். செங்கற்களைக் காட்டினேன். அவள் வேலையில் அப்படி நடக்காது.

சக்கரத்தை மாட்ட ஆள் அனுப்புகிறேன் என்கிறான் மகன். இப்போது வேண்டாம் என்றிருக்கிறேன்.

இன்று காலையும் போர்ட்டிகோவுக்குப் போனேன். இரண்டு கைகளாலும் வண்டியைப் பிடித்து உலுக்கினேன்.

அசையவில்லை.