ஒன்பதாவது ஃபியூஸ்

பல்பு எரியவில்லை.

"என்ன பண்றேன்னு வாயால சொல்லு தம்பி. சத்தமாச் சொல்லு. பார்த்தா எனக்கென்ன புரியும்" என்றார் மாமியார்.

தீர்ப்புச் சொல்ல வந்தவர்போல என் பட்டறை நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய மருமகள் காரை ஒட்டி நின்றாள். என்னைவிட ஒரு சாண் உயரம். வீட்டில் அவள் பெயர் நெட்டை.

வாடகைக்கு ஓட்டும் கார். பகலில் நெட்டை, ராத்திரியில் அவள் புருஷன். இதுவரை எட்டு தடவை நடுச்சாலையில் நின்றிருக்கிறது. எட்டும் அவள் ஓட்டும்போதுதான்.

விளக்கிச் சொல்லச் சொன்னால் எனக்குக் கசக்குமா? கரும்பு தின்னக் கூலியா?

சொன்னேன். எட்டு தடவையும் உருகிப்போனது பெட்ரோல் பம்புக்கான ஃபியூஸ். பம்பு நின்றால் இஞ்சினுக்குச் சோறு இல்லை.

மின்சாரம் பேட்டரியிலிருந்து கிளம்பி, பம்பில் வேலை பார்த்துவிட்டு, வண்டியின் இரும்பு உடம்பு வழியாக வீடு திரும்ப வேண்டும். வழியில் வயர் உரிந்து இரும்பில் பட்டால், வேலைக்கே போகாமல் வீட்டுக்கு ஓடிவிடும். அந்த ஓட்டத்தைத் தாங்காமல்தான் ஃபியூஸ் உருகுகிறது.

அதனால் பம்பைக் கழற்றிவிட்டு, பானட்டுக்குள் ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு பல்பை மாட்டியிருந்தேன். பம்பு இல்லையென்றால் மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லை, பல்பு எரியக்கூடாது. எரிந்தால் எங்கோ ஒரு திருட்டு வழி திறந்திருக்கிறது.

வயரை ஆட்டினேன். கதவுகளை அடித்துச் சாத்தினேன். ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்து குதித்தும் பார்த்தேன்.

ஒரு மணி நேரம் ஆகியும் பல்பு கண்ணைத் திறக்கவில்லை.

"எனக்கு முன்னாடி பார்த்த மூணு பேரும் இதைத்தான் சொல்லியிருப்பாங்க. வண்டியில கோளாறு எதுவும் தெரியலம்மா."

"அப்போ இவகிட்டதான் கோளாறா? இவ ராசி அப்படின்னு என் மகன் சொல்றான். இன்னிக்கும் ஒண்ணும் அகப்படலன்னா, சாயங்காலம் சாவியைக் கொடுத்துட்டு வீட்டோட இருக்கணுமாம்."

நெட்டை துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தாள்.

அடுத்த வண்டி வெளியே காத்திருந்தது. "தள்ளி வெளியே விட்டுடலாம். நீ ஏறி ஸ்டியரிங்கைப் பிடிம்மா" என்றேன்.

அவள் ஏறினாள். சீட் பின்னால் போகும் சத்தம் கேட்டது. கடக், கடக், கடக்.

திறந்து கிடந்த பானட்டின் முன் நின்று தள்ளினேன். வாசல் விளிம்பில் சக்கரம் ஏறித் தொம்மென்று இறங்கியது.

என் மூக்குக்கு நேரே பல்பு பளிச்சென்று எரிந்தது.

"அசையாதேம்மா. அப்படியே இரு."

சீட்டுக்கு அடியில் தலையை விட்டேன். தரைவிரிப்புக்குக் கீழே பம்புக்குப் போகும் வயர். சீட் கடைசிப் பூட்டு வரை பின்னால் போனால், அதன் அடிக்கம்பி அந்த வயர்மேல் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. வண்டி பள்ளத்தில் விழும்போது நறுக்கென்று ஒரு கடி. உள்ளே செம்பு தெரிந்தது.

எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அவள் புருஷன் குள்ளம். மூன்று மெக்கானிக்குகளும் நானும் நடுத்தர உயரம். வண்டியில் ஏறியதும் எல்லோரும் செய்த முதல் வேலை, சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டது. தடயத்தை நாங்களே கலைத்துவிட்டுத் திருடனைத் தேடியிருக்கிறோம்.

இதையும் வாயால் சொல்ல வைத்தார் மாமியார். அதோடு விடவில்லை.

"இப்ப நீ உட்காரு. இவ உட்கார்ற மாதிரியே உட்காரு."

சீட்டைக் கடைசி வரை தள்ளி உட்கார்ந்தேன். பெடலுக்குக் கால் எட்டவில்லை. தொட்டில் பிள்ளைபோல உடம்பைத் தூக்கிப் போட்டேன்.

"எரியுது" என்றாள் நெட்டை, பல்பைப் பார்த்தபடி. "உங்களுக்கும் ராசி சரியில்ல போலிருக்கே அண்ணே."

அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

கடிபட்ட இடத்தை வெட்டி, புது வயர் சேர்த்து, மேலே உறை போட்டு, சீட் எட்டாத ஓரமாகக் கொண்டுபோய்க் கட்டினேன். பம்பை மாட்டினேன். பல்பை எடுத்துவிட்டு ஒன்பதாவது ஃபியூஸைச் செருகினேன்.

நெட்டை சீட்டைக் கடைசி வரை தள்ளிக்கொண்டு கிளம்பினாள். தெருமுனை வேகத்தடையில் வேண்டுமென்றே வேகமாக ஏற்றி இறக்கினாள். பத்து தடவை. ஒவ்வொரு தடவையும் எங்களைக் கடக்கும்போது ஹாரன் அடித்தாள். அதற்கு அவசியமே இல்லை.

திரும்பி வந்ததும் ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளே கம்பி முழுசாக இருந்தது.

"அப்போ இவ மேல தப்பு?" என்றார் மாமியார்.

"துளியும் இல்லம்மா."

"முழுசாச் சொல்லு தம்பி."

"எட்டு தடவை நின்னதுக்கும் இவங்க ஓட்டினது காரணமில்ல. அந்தச் சீட்டைத் தள்ளிப் போட்டு யார் உட்கார்ந்திருந்தாலும் நின்னிருக்கும்."

மாமியார் தலையசைத்தார். மடியில் கவிழ்த்து வைத்திருந்த கைபேசியைத் திருப்பினார். அழைப்பு இரண்டு மணி நேரம் ஆறு நிமிடமாக ஓடிக்கொண்டிருந்தது.

"கேட்டுச்சாடா?" என்றார்.